சுரங்கச் சாலையில் தீ: புகையின் வெப்பமும் காற்றோட்டமும்

ஹிமாசலப் பிரதேசத்தில் ரோதங் கணவாய்க்கு அடியில் 9.02 கிலோமீட்டர் நீளத்திற்கு அமைந்துள்ள அடல் சுரங்கச் சாலை 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் செல்லும் நெடுஞ்சாலையில் செனானிக்கும் நஷ்ரிக்கும் இடையே ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கச் சாலை பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. பீர் பஞ்சால் மலைத்தொடரை ஊடுருவிச் செல்லும் 11 கிலோமீட்டர் இரயில் சுரங்கத்தில் 2013 முதல் வண்டிகள் ஓடுகின்றன. நகரங்களிலோ, 1984-இல் கல்கத்தாவில் தொடங்கிய நிலத்தடி இரயில் போக்குவரத்து இன்று பல மாநிலத் தலைநகரங்களுக்குப் பரவியிருக்கிறது. பூமிக்கு அடியில் பயணம் செய்வது நம் மக்களுக்கு அன்றாட நிகழ்ச்சியாகி வருகிறது.

இத்தகைய சுரங்கம் ஒன்றின் நடுவே ஒரு லாரி தீப்பற்றிக்கொண்டால் காற்றை எந்தப் பக்கம் செலுத்துவது? அல்லது செலுத்தாமலே இருப்பதா? கேள்வி எளிதாகத் தோன்றும். ஆனால் இதற்குத் தவறான விடை அளிக்கப்பட்டதால் பல உயிர்கள் பறிபோன வரலாறு உண்டு. விசிறிகளின் எண்ணிக்கையையும் குதிரைத் திறனையும் மட்டும் கொண்டு இதற்கு விடை காண இயலாது. புகை எவ்வளவு சூடாக இருக்கிறது, அந்த வெப்பம் அதனை எவ்வாறு நகரச் செய்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

புகையின் இயல்பு

சுரங்கத் தீயில் உயிரிழப்போரில் பெரும்பாலோர் தீச்சுவாலையால் இறப்பதில்லை. புகையினாலும் அதில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்களாலும் இறக்கின்றனர். திறந்த வெளியில் எரியும் லாரியின் புகை வானத்தை நோக்கி எழுந்து கலைந்துவிடும். சுரங்கத்தில் அது கூரையில் மோதி, இரு திசைகளிலும் கூரையை ஒட்டிப் படலமாகப் பரவுகிறது. அப்படலத்தின் கீழே, தரையை ஒட்டி, ஓரளவு தூய காற்று தீயை நோக்கி வந்துகொண்டிருக்கும். தீ தொடங்கிய முதற்சில நிமிடங்களில் மனிதன் நடந்து தப்புவதற்கு இயற்கை அளிக்கும் வழி இதுவே.

இந்த வழி திறந்திருப்பதற்குப் புகையின் வெப்பமே காரணம். 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோகிராம். 300 டிகிரியில் அது ஏறத்தாழ பாதியாக, 0.62 கிலோகிராமாகக் குறைகிறது. 600 டிகிரியில் 0.40 கிலோகிராம்தான். இலேசான புகை மேலே மிதக்கிறது. ஆனால் தீயிலிருந்து விலகிச் செல்லச் செல்ல, குளிர்ந்த பாறைச் சுவருக்கும் கான்கிரீட் பூச்சுக்கும் தன் வெப்பத்தை அது இழக்கிறது. கீழுள்ள காற்றோடு கலக்கிறது. மிதப்பு குன்றி, தரையை நோக்கி இறங்கத் தொடங்குகிறது. எனவே தீயிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி நிற்பவர், தம்மிடம் வெப்பம் எட்டவில்லை என்பதால் தாம் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணுவது பெருந்தவறு. ஆறிய புகையே அவர் மூக்கின் உயரத்திற்கு இறங்கி வருவது.

சூடான படலத்திற்கும் ஓர் எல்லை உண்டு. தலைக்கு மேலுள்ள படலம் சுமார் 200 டிகிரியை எட்டும்போது, அதிலிருந்து கீழ்நோக்கி வரும் வெப்பக் கதிர்வீச்சு ஒரு சதுர மீட்டருக்கு 2.5 கிலோவாட் அளவுக்கு உயர்கிறது. வெறும் தோலால் சில நிமிடங்களுக்கு மேல் அதனைப் பொறுக்க இயலாது.

தீயின் அளவு

ஒரு தீ எவ்வளவு விரைவாக வெப்பத்தை வெளியிடுகிறது என்பதைப் பொறியியலார் மெகாவாட் என்ற அலகால் அளக்கின்றனர். ஒரு கார் எரிந்தால் சில மெகாவாட் அளவிலும், பேருந்து எரிந்தால் 20 முதல் 30 மெகாவாட் அளவிலும் வெப்பம் வெளிப்படும் என்பது நெடுங்காலமாகப் பயன்படுத்தப்பட்டு வரும் மதிப்பீடு. சரக்கு லாரியைப் பற்றிய கருத்து மட்டும் 2003-இல் பெரிதும் மாறியது. நார்வே நாட்டில் கைவிடப்பட்ட ருனேஹாமர் சுரங்கத்தில் மரச் சட்டங்கள், பிளாஸ்டிக், மெத்தை, அறைகலன் போன்ற சாதாரணச் சரக்குகளை லாரியில் ஏற்றியதுபோல் அடுக்கி எரித்துப் பார்த்தனர். பெட்ரோலோ வெடிபொருளோ அங்கு இல்லை. எனினும் தீயின் உச்ச அளவு 66 முதல் 202 மெகாவாட் வரை எட்டியது. கூரையடியில் வெப்பநிலை 1,300 டிகிரியைத் தாண்டியது. ஆபத்தான சரக்குகளைத் தடை செய்துவிட்டால் போதும் என்ற எண்ணம் இச்சோதனையோடு தகர்ந்தது என்றே சொல்லலாம்.

காற்றின் வேகமும் புகையின் வெப்பமும்

சுரங்கத்தின் ஒரு வாயிலிலிருந்து மறு வாயிலை நோக்கிக் காற்றை நெடுக்குவாட்டில் செலுத்துவது ஒரு முறை. கூரையில் தொங்கவிடப்பட்ட ஜெட் விசிறிகள் இதனைச் செய்கின்றன. செலவு குறைவு, தனிக் குழாய்வழிகள் தேவையில்லை. காற்றின் வேகம் போதுமான அளவு இருந்தால் தீக்கு முன்புறத்தில், அதாவது காற்று வரும் பக்கத்தில், புகை சிறிதும் பரவாது. வேகம் போதாவிடில் சூடான புகை கூரையை ஒட்டிக் காற்றை எதிர்த்துப் பின்னோக்கி ஊர்ந்து வரும். இவ்வாறு ஊர்ந்து வருவதை முற்றிலும் தடுக்கத் தேவைப்படும் மிகக் குறைந்த வேகமே மாறுநிலைத் திசைவேகம் எனப்படுகிறது.

தாமஸ் என்ற பிரிட்டிஷ் தீ ஆய்வாளர் இதற்கு வகுத்த சமன்பாட்டின் உட்கருத்து எளியது: காற்றின் உந்துதலும் புகையின் மிதப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்ய வேண்டும். மாறுநிலைத் திசைவேகம் தீயின் அளவின் கனமூலத்திற்கு ஏற்ப உயரும். தீ எட்டு மடங்கு பெருகினால் வேகம் இரண்டு மடங்காக வேண்டும். ஆனால் தீ மிகப் பெரிதாகும்போது இந்த உயர்வு நின்றுவிடுகிறது என்று பிற்காலச் சோதனைகள் காட்டின. வழக்கமான சாலைச் சுரங்கங்களில் விநாடிக்கு 3 மீட்டர் என்ற அளவு பெரும்பாலும் போதுமானதாகக் கருதப்படுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். சுரங்கத்தின் குறுக்குப் பரப்பு 50 சதுர மீட்டர்; தீயின் அளவு 30 மெகாவாட்; அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 20 மெகாவாட், புகையோடு செல்கிறது; எஞ்சியது கதிர்வீச்சாகச் சுவர்களைச் சேர்கிறது. காற்று விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்தால் விநாடிக்கு 150 கன மீட்டர், அதாவது 180 கிலோகிராம் காற்று தீயைக் கடக்கிறது. ஒரு கிலோகிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ ஒரு கிலோஜூல் வேண்டும். 20,000 கிலோஜூலை 180 கிலோகிராமுக்குப் பகிர்ந்தால் சராசரி வெப்பநிலை 111 டிகிரி உயரும். வேகம் விநாடிக்கு 1 மீட்டராகக் குறைந்தால் உயர்வு 333 டிகிரி. காற்றோட்டம் புகையை விரட்டுவதோடு அதனைக் குளிரவும் வைக்கிறது என்பது இதனால் விளங்கும்.

இக்கணக்கு கடல் மட்டத்திற்குரியது. அடல் சுரங்கச் சாலை அமைந்திருப்பதோ 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில். அங்கு ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 0.9 கிலோகிராம் மட்டுமே. அதே வேகத்தில், அதே தீயின்மீது காற்றைச் செலுத்தினாலும் விநாடிக்கு 135 கிலோகிராம்தான் செல்லும். வெப்பநிலை உயர்வு 111-க்குப் பதிலாக 148 டிகிரி. விசிறியின் தள்ளுவிசையும் காற்றின் அடர்த்திக்கு ஏற்பக் குறைந்துவிடும். தாழ்நிலப் பகுதிகளுக்கென எழுதப்பட்ட அயல்நாட்டுக் கையேட்டின் எண்களை இமயமலைச் சுரங்கத்திற்கு அப்படியே எடுத்தாளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மற்றொன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். சூடான காற்று விரிவடைகிறது. மேற்கண்ட முதற்கணக்கில் தீயை நோக்கி வரும் 150 கன மீட்டர் காற்று, தீயைக் கடந்த பின் 200 கன மீட்டருக்கு மேல் ஆகிவிடும். உறிஞ்சும் விசிறியின் திறனை உள்ளே வரும் காற்றின் கன அளவைக் கொண்டு தீர்மானித்தால் அது பற்றாமற் போகும். விசிறியும் அதன் மின்கம்பிகளும் அந்த வெப்பத்தைத் தாங்கவும் வேண்டும். 250 டிகிரி அல்லது 400 டிகிரி வெப்பத்தில் குறிப்பிட்ட நேரம் இயங்கக்கூடியவை என்று விசிறிகள் வகைப்படுத்தப்படுவது இதனால்தான். தீக்கு நேர் மேலே உள்ள விசிறிகள் எப்படியும் பழுதாகும் எனக் கொண்டு, எஞ்சியவற்றைக்கொண்டே கணக்கிடுவது நல்ல வடிவமைப்பாளரின் வழக்கம்.

சரிவின் விளைவு

சுரங்கம் சமதளமாக இருப்பது அரிது. சரிவான சுரங்கத்தில் சூடான புகை ஒரு புகைபோக்கியில் எழுவதைப்போல மேட்டை நோக்கி இழுக்கப்படுகிறது. 2 விழுக்காடு சரிவுள்ள சுரங்கத்தில் ஒரு கிலோமீட்டர் நீளத்திற்குச் சராசரி 100 டிகிரியில் புகை நிறைந்திருப்பதாகக் கொள்வோம். இருமுனைகளுக்கும் இடையே உயர வேறுபாடு 20 மீட்டர். இதனால் எழும் அழுத்த வேறுபாடு சுமார் 50 பாஸ்கல். 1,000 நியூட்டன் தள்ளுவிசையுள்ள ஒரு ஜெட் விசிறி, 50 சதுர மீட்டர் பரப்புள்ள சுரங்கத்தில், இழப்பு ஏதுமில்லை என்று கொண்டாலும் 20 பாஸ்கல்தான் தரும். மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கிக் காற்றைச் செலுத்த விரும்புபவர் முதல் இரண்டு மூன்று விசிறிகளைப் புகையின் மிதப்போடு மல்லுக்கட்டுவதற்கே ஒதுக்கிவிட வேண்டியிருக்கும்.

1982 ஏப்ரல் 7-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஓக்லந்து நகருக்கு அருகே உள்ள கால்டிகாட் சுரங்கச் சாலையில் பெட்ரோல் ஏற்றிய வண்டி விபத்துக்குள்ளாகி எரிந்தது. சுரங்கத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான். சரிவு சுமார் 4 விழுக்காடு. விசிறிகள் ஓடவில்லை. புகை இயல்பாகவே மேட்டை நோக்கி, அதாவது பின்னால் வண்டிகள் நின்ற பக்கமாக, விரைந்தது. ஏழு பேர் உயிரிழந்தனர். பள்ளத்தின் பக்கம் இருந்தவர்கள் தப்பினர். எதிலும் கைவைக்காமல் விட்டுவிட்டால் காற்று நடுநிலை வகிக்கும் என்று எண்ணுவதற்கில்லை.

இருவழிப் போக்குவரத்தின் சிக்கல்

ஒரே திசையில் வண்டிகள் செல்லும் சுரங்கத்தில், போக்குவரத்துத் தேக்கம் இல்லாதபோது, விடை தெளிவானது. தீக்கு அப்பால் சென்றுவிட்ட வண்டிகள் தம் வழியே வெளியேறிவிடும். பின்னால் வந்தவை தீயின் முன் நின்றுவிடும். வண்டிகள் செல்லும் திசையிலேயே காற்றைச் செலுத்தினால் நின்றவர்கள் தூய காற்றில் இருப்பர். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் மெமோரியல் சுரங்கத்தில் 1993 முதல் 1995 வரை நடந்த 98 தீச்சோதனைகள், 100 மெகாவாட் வரையிலான தீயின் புகையை ஜெட் விசிறிகளால் ஒரே திசையில் செலுத்திவிட முடியும் என்று மெய்ப்பித்தன.

ஒரே குகையில் இருதிசைப் போக்குவரத்தும் நடைபெறும்போது இதே வெற்றி வினையாக முடிகிறது. தீயின் இருபுறமும் மக்கள் நிற்கின்றனர். எந்தப் பக்கம் காற்றைச் செலுத்தினாலும் மறுபக்கத்தவர் புகையில் மூழ்குவர். மேலும் வேகமான காற்று, கூரையடியில் ஒழுங்காக மிதந்துகொண்டிருக்கும் படலத்தைக் கலைத்து, சுரங்கத்தின் முழுக் குறுக்குப் பரப்பையும் புகையால் நிரப்பிவிடும். எனவே இத்தகைய சுரங்கத்தில் முதற்பணி காற்றை அடக்குவதேயன்றி அதனை முடுக்குவதன்று. அடல் சுரங்கமும் செனானி-நஷ்ரி சுரங்கமும் இருதிசைப் போக்குவரத்துக்குரியவை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

1999 மார்ச் 24-ஆம் நாள் பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் 11.6 கிலோமீட்டர் நீள மோன் பிளாங் சுரங்கத்தில் நடந்ததை இதனோடு வைத்துப் பார்க்கலாம். பிரான்சிலிருந்து வந்த லாரி ஒன்று சுரங்கத்தின் நடுப்பகுதியில் தீப்பற்றி நின்றது. அதில் இருந்தவை மாவும் மார்கரினும். சுரங்கத்தின் பாதியை ஒரு நாட்டு நிறுவனமும் மறுபாதியை இன்னொரு நாட்டு நிறுவனமும் தனித்தனிக் கட்டுப்பாட்டு அறைகளிலிருந்து நிர்வகித்தன. காற்று இத்தாலியப் பக்கமிருந்து பிரெஞ்சுப் பக்கம் நோக்கி வீசிக்கொண்டிருந்தது. இத்தாலியப் பகுதியில், வேண்டும்போது புகையை உறிஞ்சவும் பயன்படக்கூடிய குழாய்வழி, புதிய காற்றைச் செலுத்தும் நிலையிலேயே இருந்தது. நல்ல காற்று அனுப்பினால் மக்களுக்கு நன்மை என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அக்காற்று தீக்கு உணவாகி, புகையைப் பிரெஞ்சுப் பக்கம் வரிசையாக நின்ற வண்டிகளின் மேல் தள்ளியது. 39 பேர் மாண்டனர். தீ 53 மணி நேரம் எரிந்தது. 2002-இல் சுரங்கம் மீண்டும் திறக்கப்பட்டபோது அதன் நிர்வாகமும் ஒன்றாக்கப்பட்டிருந்தது.

இதன்பின் ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் பிறப்பித்த ஆணை, இருதிசைப் போக்குவரத்துள்ள சுரங்கங்களிலும் அடிக்கடி வண்டிகள் தேங்கும் சுரங்கங்களிலும் நெடுக்குக் காற்றோட்டத்தை, ஆபத்து ஆய்வு செய்து ஏற்கத்தக்கது எனக் கண்டாலோ தனிப் பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்தாலோதான் பயன்படுத்தலாம் என வரையறுத்தது.

குறுக்குக் காற்றோட்டமும் நம் சுரங்கங்களும்

மாற்று முறை குறுக்குக் காற்றோட்டம். கூரைக்கு மேலே இரு குழாய்வழிகள் அமைத்து, ஒன்றின் வழியே புதிய காற்றைச் சுரங்கம் நெடுகிலும் வழங்கி, மற்றொன்றின் வழியே அழுக்குக் காற்றை உறிஞ்சுவர். 1927-இல் நியூயார்க்கின் ஹாலந்து சுரங்கத்தில் கையாளப்பட்டபோது இம்முறையின் நோக்கம் மோட்டார் வண்டிகள் கக்கும் கார்பன் மோனாக்சைடை அகற்றுவதே. தீ அன்று முதன்மைக் கவலையாக இல்லை. செனானி-நஷ்ரியில் இம்முறையே முழுமையாகப் பின்பற்றப்பட்டுள்ளது: புதிய காற்றுக்கான வாய்கள் 8 மீட்டருக்கு ஒன்றாகவும், உறிஞ்சு வாய்கள் 100 மீட்டருக்கு ஒன்றாகவும் உள்ளன. அடல் சுரங்கத்தில் அரைக் குறுக்குக் காற்றோட்ட முறை அமைந்துள்ளது.

தீயின்போது எல்லா உறிஞ்சு வாய்களையும் திறந்து வைத்தால் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகத் தூய காற்றையே உறிஞ்சிக்கொண்டிருக்கும். தீக்கு அருகே உள்ள வாய்களை மட்டும் திறந்து, ஏனையவற்றை மூடி, அத்துடன் நெடுக்குவாட்டுக் காற்றின் வேகத்தைத் தீயருகே மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தினால்தான் படலம் கலையாமல் மேலே நிற்கும். நின்றால்தான் அதனை உறிஞ்ச முடியும். ஆகவே தீ எங்கே என்பது சில பத்து மீட்டர் துல்லியத்துடனும், சில விநாடிகளுக்குள்ளும் தெரிந்தாக வேண்டும். கூரை நெடுகிலும் வெப்பத்தை உணரும் கம்பியும் கேமராக்களும் காற்றின் வேகத்தை அளக்கும் கருவிகளும் இதற்காகவே. மலையின் இருபுறமும் காற்றழுத்தம் வேறுபடுவதால் விசிறி எதுவும் ஓடாதபோதும் சுரங்கத்தினுள் காற்று வீசுவதுண்டு. பொத்தானை அழுத்துமுன் அது எப்பக்கம் வீசுகிறது என்பதை அறியாத பணியாளர் கண்ணைக் கட்டிக்கொண்டு செயல்படுபவரே ஆவார்.

தப்பும் வழிகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தவை. செனானி-நஷ்ரியில் பிரதான சுரங்கத்திற்கு இணையாக ஒரு தப்பும் சுரங்கமும், 300 மீட்டருக்கு ஒன்றாக 29 குறுக்கு வழிகளும் உள்ளன. அடல் சுரங்கத்தில் தப்பும் வழி சாலைத் தளத்தின் அடியிலேயே செல்கிறது. 300 மீட்டர் இடைவெளி என்றால் எவரும் அதிகமாக 150 மீட்டர் நடந்தால் ஒரு கதவை அடையலாம். தெளிந்த காற்றில் விநாடிக்கு 1 மீட்டர் நடப்பவருக்கு அது இரண்டரை நிமிடம். அடர்ந்த புகையில் தடவித் தடவி 0.3 மீட்டர் வேகத்தில் நகர்பவருக்கு எட்டு நிமிடத்திற்கு மேல். தப்பும் வழியினுள் காற்றழுத்தம் பிரதான சுரங்கத்தைவிடச் சற்று மிகுதியாக வைக்கப்பட வேண்டும். இல்லையேல் கதவைத் திறப்பவரோடு புகையும் உள்ளே நுழையும்.

நிலத்தடி இரயிலில்

இரயில் சுரங்கத்தில் நிலைமை இன்னும் இறுக்கமானது. குகை குறுகலானது, பயணிகள் நூற்றுக்கணக்கில் ஒரே வண்டியில் இருப்பர். இரு நிலையங்களுக்கு நடுவே வண்டி நின்றுவிட்டால் ஒரு முனையிலுள்ள விசிறி காற்றைச் செலுத்த, மறுமுனையிலுள்ளது உறிஞ்ச, மக்கள் காற்று வரும் திசையை நோக்கி நடந்து வெளியேற வேண்டும். எரிவது முதற்பெட்டியா, கடைசிப் பெட்டியா என்பதைப் பொறுத்து இத்திசை மாறும். எரிவது நடுப்பெட்டியானால் முழுமையான தீர்வு ஏதுமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1995 அக்டோபர் 28-ஆம் நாள் அஸர்பைஜானின் தலைநகர் பாக்குவில் நிலத்தடி இரயில் ஒன்று இவ்வாறே நடுச்சுரங்கத்தில் நின்று எரிந்தது. மக்கள் வெளியேறிக்கொண்டிருக்கும்போதே காற்றோட்டத்தின் திசை மாற்றப்பட்டது. புகை, பெரும்பாலோர் சென்றுகொண்டிருந்த பக்கத்திற்கே திரும்பியது. ஏறத்தாழ 290 பேர் உயிரிழந்தனர். நம் நாட்டிலும் 2018 டிசம்பர் 27-ஆம் நாள் கொல்கத்தாவில் ரவீந்திர சதன், மைதான் நிலையங்களுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்த வண்டியில் தீப்பிடித்துப் புகை சூழ்ந்தது. பயணிகள் சிலர் மூச்சுத் திணறி மருத்துவமனை சேர்ந்தனர், உயிரிழப்பு ஏற்படவில்லை.

இந்நிகழ்ச்சிகளைப் படிக்கும் அதிகாரி, தம் பொறுப்பிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்குச் சென்று ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். இரவுப் பணியிலிருக்கும் ஒருவர், மேலதிகாரியின் அனுமதிக்குக் காத்திராமல், சுரங்கத்தின் இன்ன பகுதியில் தீ என்றால் இன்ன விசிறி இன்ன திசையில் என்று முன்கூட்டியே வகுக்கப்பட்ட அட்டவணைப்படி செயல்பட அவருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டிருக்கிறதா? இந்திய சாலைகள் காங்கிரஸ் 2010-இல் வெளியிட்டு 2019-இல் திருத்திய சாலைச் சுரங்க வழிகாட்டு நெறிகள் நம்மிடம் உள்ளன. நெறிகளைப் பணியாளரின் கைப்பழக்கமாக்குவது ஒத்திகை ஒன்றுதான். ஒத்திகைகளில் வழக்கமாக விடப்படும் வெண்புகை குளிர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். காற்று எத்திசையில் செல்கிறது என்பதை அது காட்டும். மிதப்பையோ, சரிவில் மேலேறும் வேகத்தையோ, விசிறி இழக்கும் தள்ளுவிசையையோ அது காட்டாது. குளிர்ந்த புகையில் வெற்றி பெற்ற காற்றோட்டம் 300 டிகிரிப் புகையிலும் வெல்லும் என்று சான்றிதழ் எழுதுவது பொறுப்பற்ற செயலாகும்.

வண்டியோட்டிகளுக்கும் கூற வேண்டியது ஒன்றுண்டு. மோன் பிளாங்கில் மாண்டோரில் பலர் தம் வண்டிகளுக்குள்ளேயே காணப்பட்டனர். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே அமர்ந்திருந்தால் புகை வராது என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். சுரங்கத்தில் முன்னால் புகை தெரிந்தால் எஞ்சினை நிறுத்தி, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, படலம் இன்னும் தலைக்கு மேலே இருக்கும் அந்த முதற்சில நிமிடங்களுக்குள் அருகிலுள்ள பச்சை விளக்குக் கதவை நோக்கி நடந்துவிட வேண்டும்.